இரட்டைகளை நீக்கவா?

கிட்வே
29 ஆகஸ்ட் 1998

திரு. மசாவுசோ ஜேரே அவர்களுக்கு,

போன அக்டோபர் வானொலிப் போட்டியின் முடிவுகள் வந்துவிட்டன. உங்களுக்கும் வந்திருக்கும். ஆப்பிரிக்காவில் நான் இரண்டாவது. முதலிடம் மேற்குக் கடற்கரையைத் தாண்டி இருக்கும் அந்தத் தீவுக்காரனுக்கு. வாழ்த்துச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

உன்னோடு 'நீங்கள்' போட்டு நான்கு வரிக்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. ஆனால் மேலே இருக்கும் 'திரு.' அப்படியே நிற்கும்.

முடிவுகளோடு திருத்தியவர்களின் அறிக்கையும் வந்தது. என் பதிவேட்டில் எந்தத் தொடர்பை ஏன் அடித்தார்கள் என்று ஒரு பக்கம். நாற்பது மீட்டர் அலைவரிசை. சனிக்கிழமை, பொழுது சாயும் நேரம். உன் அழைப்புக்குறி. அதன் எதிரே: 'மறுதரப்பின் பதிவில் இல்லை.'

வானொலிச் சங்கத்துக்குப் புகார் எழுதிவிட்டேன். லுசாக்காவில் இருக்கும் குழுவில் பாதிப்பேர் போட்டி மைக்கைத் தொட்டதே கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல எழுத வேண்டியிருந்தது. உனக்கும் ஒரு பிரதி:

"ஐயா, இரண்டு நாள் வானொலி முன்னால் உட்கார்ந்து உலகத்தில் எத்தனை பேரோடு முடியுமோ அத்தனை பேரோடு பேச வேண்டும். பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை. நான் என் மண்டல எண்ணைச் சொல்வேன், அவர் தன்னுடையதைச் சொல்வார், அடுத்த ஆள். எத்தனை நாடுகள் சேர்ந்தனவோ அந்த எண்ணால் மொத்த மதிப்பெண்ணையும் பெருக்குவார்கள். ஆகவே ஒரு நாடு போனால் மொத்தமும் சரியும். ஒரே ஆளோடு ஒரே அலைவரிசையில் இரண்டாம் முறை பேசினால் அது இரட்டை, மதிப்பு கிடையாது. தொடர்பு இருவர் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். ஒருவர் எழுதாமல் விட்டால் மற்றவரிடமிருந்தும் பிடுங்கிவிடுவார்கள்."

நீ எழுதாமல் விட்டாய்.

நாற்பது மீட்டரில் ஜாம்பியாவிலிருந்து என்னைத் தவிர இருந்தவன் நீ ஒருவன். ஜாம்பியாவில் உட்கார்ந்து மங்கோலியாவைப் பிடித்தேன். பெயர் தெரியாத பனித்தீவுகளைப் பிடித்தேன். என் கணக்கில் ஜாம்பியா இல்லை. அந்த ஒரு நாடு இருந்திருந்தால் தீவுக்காரன் எனக்குக் கீழே. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் நடக்கும் இறுதிப் போட்டிக்குச் சங்கம் அனுப்பும் ஆள் நானாக இருந்திருப்பேன்.

இங்கே சுரங்கத்தை விற்கிறார்கள். மின்பிரிவில் யார் இருப்பார், யார் போவார் என்று அறிவிப்புப் பலகையில் மாறிக்கொண்டே இருக்கிறது. எது போனாலும் அந்த இறுதிப் போட்டி நாற்காலியில் ஒருமுறை உட்காருவேன் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன்.

வீட்டில் ம்வாபே சொல்கிறாள், "அவரு எழுத மறந்திருப்பாரு, விடுங்க."

"அவனா? அவன் கடைசியா மறந்தது அவனோட தொப்புள்கொடிய," என்றேன்.

நீ மறக்கவில்லை. அடித்தாய். ஏன் என்று எழுது.

க. லொம்பே


சிப்பாட்டா
10 செப்டம்பர்

திரு. லொம்பே,

உன் கடிதம் வந்தது. விளக்கம் கேட்டுச் சங்கத்தின் கடிதமும்.

சங்கம் கையெழுத்துப் போடாவிட்டால் ஜனவரியில் என் வானொலி உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. இது உனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். உன்னிடம் கோபுரம் இருக்கிறது, கணினி இருக்கிறது. என்னிடம் ஒரு ஏரியல் கம்பி. மாமரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை. அதைக் கழற்றச் சொல்கிறாய்.

நடந்தது இது.

சனிக்கிழமை சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டேன். இங்கே முதல் மழைக்கு முந்தைய இடி. நீ என் அழைப்புக்குறியைச் சொன்னாய். அதன் பிறகு ஒரு வெட்டு. உன் எண் வரவில்லை. என் எண்ணைக் கொடுத்துவிட்டு, "உன்னுது இன்னொரு தடவ" என்றேன். நீ முதல் பாதியை மட்டும் கேட்டாய். நன்றி சொன்னாய். அடுத்து ஒரு ஜெர்மன்காரன். உன் அழைப்புக்குறியைப் பென்சிலில் எழுதி வைத்திருந்தேன். அதன்மேல் கோடு போட்டேன்.

ஞாயிறு மதியம் மறுபடி வந்தேன்.

நீ சொன்னாய்: "ஏற்கெனவே ஆச்சு."

நான்: "என் பதிவுல நீ இல்ல மச்சான். இன்னொரு தடவ குடு."

நீ: "எனக்கு செவப்பா காட்டுதுடா. இங்க ஐரோப்பாவே வரிசைல நிக்குது. நீ போய் எலி தின்னு."

நான் மைக்கை வைத்துவிட்டுச் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். நீ பெம்பா, நான் ங்கோனி. நம் முப்பாட்டன்மார் ஈட்டியோடு எதிரெதிரே நின்றதற்காக நமக்குக் கிடைத்த உரிமை அது. நீ என்னை எலிதின்னி என்பாய், நான் உன்னைக் குரங்குதின்னி என்பேன், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. நான் சுளிக்கவில்லை.

உன் கணினி சிவப்பாகக் காட்டியது. அது உன் பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறது. என் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். நீ பெட்டியை நம்பினாய்.

இப்போது கோபம் வருகிறது. எலிக்காக இல்லை. அந்தத் 'திரு.'வுக்காக.

மசாவுசோ ஜேரே


கிட்வே
19 செப்டம்பர்

திரு. ஜேரே,

முப்பத்தாறு.

எழுதிக்கொள். முப்பத்தாறு. அதுதான் என் மண்டல எண். உன் மண்டல எண் என்ன? அதுவும் முப்பத்தாறு. கிட்வேக்கும் சிப்பாட்டாவுக்கும் ஒரே எண். இடி எதை மறைத்தது? அந்த நொடியில் நீயே உன் வாயால் சொல்லி முடித்த எண்ணை. அதைத் தாளில் எழுத உனக்கு இடியின் அனுமதி வேண்டும்!

எழுதியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? உனக்கு ஒரு தொடர்பு, எனக்கு ஒரு நாடு. நீ கோடு போட்டாய். கோடு போடும்போது உனக்கு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. சுகமாக இருந்ததா?

இரட்டை என்றால் எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று உலகத்தில் ஒருவனுக்காவது தெரியுமென்றால் அது உனக்குத்தான். பல்கலைக்கழக விடுதி. நம் முதல் போட்டி. நான் மைக், நீ பென்சில். நீ சாப்பிடப் போன நேரத்தில் நானே எழுதினேன். ஏற்கெனவே பேசியவர்களோடேயே திரும்பப் பேசினேன், குறிக்காமல் விட்டேன். நம் பதிவேட்டையே தூக்கி எறிந்தார்கள். அதற்கப்புறம் நீ என்னோடு பேசவில்லை. ஒரே அறை, ஒரே சட்டியில் ன்ஷிமாக் களி, பேச்சு இல்லை. என் கட்டிலுக்கு மேலே சுவரில் கரியால் எழுதினாய்: 'இரட்டை சேர்ப்பவன் திருடன்.'

பட்டம் வாங்கும்வரை அந்தச் சுவருக்குக் கீழேதான் படுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு இரட்டைகூட விட்டதில்லை. யாராவது இரண்டாம் முறை வந்தால் துரத்திவிடுவேன். அதையும் மீறி ஒன்றிரண்டு நுழைந்தால் போட்டி முடிந்ததும் நீக்கிவிட்டுத்தான் அனுப்புவேன். என் பதிவேடு கழுவிய தட்டு மாதிரி இருக்கும். கழுவக் கற்றுக்கொடுத்தவன் நீ. இப்போது வந்து, 'இன்னொரு தடவ குடுத்திருக்கலாம்' என்கிறாய்.

சுரங்கத்து உணவகத்தில் ஒருத்தன் கேட்கிறான்: "ஏய்யா லொம்பே, உலகம் பூரா ஒன்னைத் தெரியுமாம், ஜாம்பியால மட்டும் தெரியாதாமே?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல்லைக் கடித்தால் சிரிப்பு மாதிரியே இருக்கும்.

உன் அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. செவிட்டுக் கிழவர், எதையும் இரண்டு தடவை கேட்பவர். அவருக்கே ஒரு தடவையில் புரியும், தப்பு யார் பக்கம் என்று.

புகாரைத் திரும்பப் பெற மாட்டேன்.

க. லொம்பே


சிப்பாட்டா
27 செப்டம்பர்

திரு. லொம்பே,

எண் எனக்குத் தெரியும். ஆனால் கேட்கவில்லை. தெரிந்ததையெல்லாம் எழுதலாம் என்றால் வானொலி எதற்கு? வரைபடத்தைப் பார்த்து வீட்டிலிருந்தே எழுதி அனுப்பிவிடலாமே.

சுவரில் எழுதியது நான்தான். அப்போது கையால் சரிபார்த்தார்கள். குறிக்காத இரட்டைக்குத் தண்டம் இருந்தது. இப்போது கணினி சரிபார்க்கிறது. இரட்டையை அதுவே ஒதுக்கிவிடும். தண்டம் இல்லை. 'இரட்டைகளை நீக்காமல் அனுப்பவும்' என்று விதியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். சில ஆண்டுகள் ஆகிவிட்டன. உன்னிடம் விதிப்புத்தகம் இருக்கிறது. கணினியில் சீட்டு விளையாடும் நேரத்தில் படித்திருக்கலாம்.

ஏன் நீக்கக் கூடாது என்று புரிகிறதா? ஒருவன் உன்னிடம் இரண்டாம் முறை வருகிறான் என்றால் முதல் முறை அவனுக்குக் கிடைக்கவில்லை. வேறு காரணமே கிடையாது. பொழுதுபோகாமல் யாரும் உன் குரலைக் கேட்க இரண்டு தடவை வருவதில்லை. நீ இரண்டாவதை நீக்கினால் அவன் நல்லபடியாக எழுதிய ஒன்றும் 'மறுதரப்பின் பதிவில் இல்லை' ஆகிவிடும். எத்தனை வருடமாகக் கழுவுகிறாய் உன் தட்டை?

சுகமாக இருந்ததா என்று கேட்டாய். இல்லை.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை.

மசாவுசோ ஜேரே


கிட்வே
3 அக்டோபர்

திரு. ஜேரே,

விதியைப் படித்தேன். இருக்கிறது. அதனால் என்ன? விதியைத் தெரிந்துவைத்துக்கொண்டு நான் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாய். தெரிந்தவன் சொல்லியிருக்க வேண்டும்.

சொன்னேனே, இன்னொரு தடவை குடு என்று சொன்னேனே என்பாய். ஐரோப்பா கத்திக்கொண்டிருக்கும்போது சொல்வது சொல்வதாகாது.

அப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோ. வீட்டில் வைத்துக்கொண்டு கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்காதே.

க. லொம்பே


சிப்பாட்டா
12 அக்டோபர்

திரு. லொம்பே,

அப்பாவின் அடக்கத்துக்கு வந்ததற்கு நன்றி. இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே வந்தாய் என்று கேள்விப்பட்டேன். எழுத வேண்டிய மரியாதையை எழுதிவிட்டேன்.

இனி மற்றது.

கறுப்புக் கோட்டுப் போட்டு வந்தாய். அத்தையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன்" என்றாய். மாவட்ட அதிகாரி மாதிரி. அத்தை உன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று உனக்குத் தெரியாதா? நீ அதைத் தூக்கி எறிய வேண்டும். குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, 'இடம் நல்லா இருக்கு, கோழி அடிச்சுப் போட்டாத்தான் எந்திரிப்பேன்' என்று அடம்பிடிக்க வேண்டும். கிழவனைப்போல நடந்து காட்ட வேண்டும். அழுதுகொண்டிருப்பவர்களைப் பார்த்து, 'எலி செத்ததுக்கா இத்தனை ஒப்பாரி' என்று கேட்க வேண்டும். ஒரு ங்கோனி செத்தால் பெம்பாவுக்கு இருக்கிற வேலை அது. கூட்டத்தில் இருந்த ஒரே பெம்பா நீ.

நீ மண்வெட்டியை வாங்கி ஒழுங்காக வெட்டினாய். ஓரம் நேராக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தாய்.

எல்லாரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்டி இறங்கும்வரை. மண் மூடும்வரை. நீ வாய் திறக்கவில்லை. அழுதுகொண்டே இருந்தோம். நிறுத்த ஆள் இல்லை.

நீ போன பிறகு அத்தை கேட்டாள்: "அந்தக் கொரங்குதின்னிக்கு என்னாச்சு? நாக்குல புண்ணா?"

"எங்களுக்குள்ள சண்ட, அத்த."

"சண்டைன்னா வரக் கூடாது. வந்து மரியாதையா நின்னா என்னடா அர்த்தம்? ஒங்கப்பன் என்ன அவனுக்கு அந்நியனா?"

அத்தை இன்னும் இங்கேதான் இருக்கிறாள். ஊருக்குப் போக மாட்டேன் என்கிறாள். எதுவோ இன்னும் முடியாமல் பாக்கி நிற்கிறது என்கிறாள்.

உரிமத்தை எடுத்துக்கொள். கம்பியைக் கழற்றிக்கொள். புகாரில் இன்னும் ஒரு பக்கம் சேர்த்துக்கொள். என் அப்பாவுக்கு மரியாதை கொடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?

மசாவுசோ ஜேரே


கிட்வே
18 அக்டோபர்

ஜேரே,

'திரு.'வை முதலில் போட்டவன் நான். சரி. பதிலுக்கு நீயும் போட்டாய். இரண்டு 'திரு.'க்களில் ஒன்று குழியில் படுத்துக்கொண்டு கோழி கேட்க முடியுமா?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் கோட்டோடு மட்டும் வரவில்லை. லுசாக்கா தாண்டியதிலிருந்து யோசித்துக்கொண்டே வந்தேன். லுவாங்வா பாலத்தில் பஸ் நின்றபோது தயாராகிவிட்டது. உன் அப்பாவைப் பற்றி. நல்ல கேலி. நான் செய்ததிலேயே நல்ல கேலி. தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் கோழியை மடியில் வைத்திருந்தவள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். போன கடிதத்துக்கு முந்தைய கடிதத்தில் அவரைச் செவிட்டுக் கிழவர் என்று எழுதியது வழியெல்லாம் தொண்டையில் நின்றது. கேலியைச் சொல்லிவிட்டால் அதுவும் இறங்கிவிடும் என்று நினைத்தேன்.

உன் வாசலுக்கு வந்தேன். நீ எழுந்து வந்தாய். என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா?

"வாங்க."

வாங்க! இத்தனை வருடத்தில் உன் வாயிலிருந்து அந்தச் சொல் என்னை நோக்கி வந்ததே இல்லை. 'வந்து தொலைஞ்சியா' என்றிருந்தால் நான் நேராகக் குழிக்குள் போயிருப்பேன். நீ 'வாங்க' என்றாய். நாற்காலி போட்டாய். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் மண்வெட்டியை வைத்துக்கொண்டு நான் வேறு என்ன செய்ய? வெட்டினேன்.

என்னை வாசலில் அந்நியனாக்கியவன் நீ. உள்ளே போய் அந்நியனாக நடந்துகொண்டதற்கு என்னைத் திட்டுகிறாய்.

அந்தக் கேலியை இங்கே எழுத மாட்டேன். அதை வாயால்தான் சொல்ல வேண்டும், நாலு பேர் கேட்க. தாளில் எழுதினால் வெறும் வசை.

வரும் சனி, ஞாயிறு போட்டி. அது முடிந்த பிறகு குழு கூடுகிறது. புகார் நிற்கிறது. விதியைப் படித்துவிட்டேன் என்பதற்காக உன்னைத் துரத்த மாட்டேன் என்று நினைக்காதே. என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டால்...

லொம்பே


சிப்பாட்டா
28 அக்டோபர்

குரங்குதின்னிக்கு,

கூப்பிட்டேன்.

இங்கே பஞ்சாலையில் வானொலி பேட்டரிகளை மின்னேற்றி எடுத்து வந்தது அதற்குத்தான். வேறு யாரோடும் பேசவில்லை. என் பதிவேட்டில் ஒரே ஆள்.

சனிக்கிழமை முதல் முறை வந்தேன். எண்ணைக் கொடுத்தாய், கல்லை எறிவது மாதிரி. மறுபடி வந்தேன். உன் கணினி சிவப்பாகியிருக்கும். 'ஆச்சு' என்று சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எண். மறுபடி வந்தேன். எண். ஞாயிற்றுக்கிழமை மறுபடி. உனக்குப் பின்னால் பாதி ஐரோப்பா கத்திக்கொண்டிருந்தது. உன் குரல் கொதிப்பது எனக்குக் கேட்டது. எண்.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருடா அது, ஒரே நம்பரையே சொல்லிட்டிருக்கான்?"

"கொரங்குதின்னி."

"இன்னும் மரியாதையாத்தான் பேசுறானா?"

"ஆமா."

"விடாத. திரும்பக் கூப்பிடு."

கூப்பிட்டேன். அப்போது நீ வெடித்தாய். நீ சொன்னதை நீயே மறுபடி படி:

"டேய் மச்சான், கேட்டுக்கோ! ஒங்கப்பன் அங்க சொர்க்க வாசல்ல போய் நின்னு, காது கேக்காம, பேர ரெண்டு தடவ குடுத்திருப்பான். 'ஏற்கெனவே ஆச்சு, அடுத்த ஆளு'ன்னு திருப்பி அனுப்பிருவாங்க. அடுப்புல எலிய ஏத்தி வை, கெழவன் பசியோட வருவான்!"

அலைவரிசையே அடங்கிப்போயிற்று. பிறகு ஒரு இத்தாலிக்காரன், பாவம், "மன்னிக்கணும், எண் புரியல, இன்னொரு தடவ" என்றான்.

அத்தையின் மடியிலிருந்து தட்டு விழுந்தது. கடலை அறை முழுக்க. அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய. வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். இரண்டு பேரும் குலவையிட்டார்கள். திரும்பி வந்து, "இப்பத்தாண்டா அடக்கம் முடிஞ்சுது" என்றாள். மறுநாள் ஊருக்குப் போய்விட்டாள்.

உன் கேலிக்கு நான் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. சுமார்தான்.

இப்போது முக்கியமான விஷயம். இங்கே போன வாரம் முழுக்க இடி. உன் எண் சில தடவை தெளிவாக வந்தது, சில தடவை வெட்டுப்பட்டது. வந்ததை மட்டும் எழுதினேன். எது வந்தது, எது வரவில்லை என்று உனக்குச் சொல்ல மாட்டேன். உன் தட்டைக் கழுவினால் எந்த நாட்டைக் கழுவுகிறாய் என்று உனக்கே தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் வைத்திரு, அல்லது மறுபடியும் ஜாம்பியா இல்லாமல் இரு.

குழுவுக்கு வருகிறேன். விளக்கத்தை அங்கே சொல்கிறேன். உன்னை மன்னிக்கவில்லை. 'வாங்க' சொன்னதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டியதும் இல்லை.

மசாவுசோ


கிட்வே
5 நவம்பர்

எலிதின்னிக்கு,

சுமாரா? லுவாங்வா பாலத்திலிருந்து கிட்வே வரை அடைகாத்த கேலி. உன் அத்தைக்குத்தான் ரசனை.

உன்னால் நான் தோற்றேன். மறுபடியும். நீ வந்த ஒவ்வொரு தடவையும் வரிசை கலைந்தது. அந்தக் கேலிக்குப் பிறகு ஒரு நிமிடம் யாருமே கூப்பிடவில்லை. பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். தீவுக்காரன் இந்த முறையும் மேலே இருப்பான். அடுத்த இறுதிப் போட்டி நாற்காலியும் போயிற்று. இதை வாசிக்கும்போது என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதே.

அறிவிப்புப் பலகையில் என் பெயர் வந்துவிட்டது. இந்த மாதத்தோடு வேலை இல்லை. இரண்டு இடத்தில் அச்சடித்திருக்கிறார்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. எழுத்தரிடம் போய், "ஒரு தடவ அனுப்புனாப் பத்தாதாய்யா?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. நீ அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பாய். அதை நினைத்தும் கோபம் வந்தது.

குழுவுக்கு நான் போகிறேன். நீயும் வா. உன்னை அங்கே எல்லார் முன்னாலும் வாய் வலிக்கும்வரை திட்ட வேண்டியிருக்கிறது. குறுக்கே பேசாதே. திட்டி முடித்ததும் உன் உரிமத்துக்கு அவர்களிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன். போடமாட்டேன் என்று எவனாவது சொன்னால் அவனையும் திட்டுகிறேன்.

பதிவேட்டை இன்று அனுப்பினேன். அனுப்பும் முன் கணினி எப்போதும் ஒரு கேள்வி கேட்கும்: 'இரட்டைகளை நீக்கவா?' இத்தனை வருடமாக நான் அதைப் படித்ததே இல்லை. கை தானாக 'ஆம்' பக்கம் போகும். யார் யார் என்னிடம் இரண்டாம் முறை வந்தார்களோ, அவர்களுக்கெல்லாம் முதல் முறை எதுவோ கிடைக்காமல்தான் வந்திருப்பார்கள். அதைப் பற்றி இப்போது யோசிக்க விரும்பவில்லை.

இன்றும் கை போனது. நிறுத்தினேன். உன் அழைப்புக்குறி திரையில் சிவப்பாக, ஒன்றன்கீழ் ஒன்றாக. கடைசி வரியைப் பார்த்ததும் உன் அப்பா வாசலில் நின்று, காதில் கையை வைத்துக்கொண்டு, 'என்ன? என்ன?' என்று கேட்பது மாதிரி இருந்தது.

'இல்லை' என்று அழுத்தினேன். உனக்காக இல்லை. கிழவனுக்காக.

கட்டோங்கோ